பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் புஷ் விஷயமாக மலைநாட்டுக் கராஜ் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, நானுஓயா வட்டாரங்களில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணிவரும் அன்பர்களுக்கும், அவற்றைப் பழுதுபார்க்கும் கராஜ் பாஸ்மாருக்கும், அவர்களிடம் தொழில் கற்றுவரும் இளைஞர்களுக்கும்,



வருஷந்தோறும் ஏப்ரல் மாதம் நெருங்கும்போது, நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்களை முன்னிட்டு மலைநாட்டின் பழைய மோட்டார் வண்டிகள் கொட்டகைகளை விட்டு வெளிவருவதும், 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பற்றியும் நம் வாசலுக்கு அருகிலேயே நடைபெறும் ரதல்ல மலையேற்றப் போட்டியைப் பற்றியும் கராஜ்களில் பேச்சு எழுவதும், கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்படுவதும், பிரேக் லைனிங் மாற்றப்படுவதும், நல்ல டயருக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்பப்படுவதும் நமக்கெல்லாம் பழகிப்போன சம்பிரதாயங்கள். இத்தனை சிரத்தைக்கும் நடுவில், சக்கரத்தை வண்டியின் உடலோடு பிணைக்கும் ஒவ்வொரு மூட்டிலும் கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்திருக்கும் புஷ் மாத்திரம் பெரும்பாலும் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது; வந்தாலும், அதைத் தெரிவுசெய்யும் பொறுப்பு கடைக்காரர் கையில் விடப்பட்டுவிடுகிறது.

இப்போது அந்தத் தெரிவிலும் ஒரு புதிய அபிப்பிராயம் பரவியிருக்கிறது. சிவப்பிலும் மஞ்சளிலும் ஊதாவிலும் வரும் பொலியூரிதேன் புஷ்களே சிரேஷ்டமானவை என்றும், இறப்பர் புஷ் பழங்காலத்துப் பொருள் என்றும், எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்றும், ஆதலால் ஒரு காரின் சகல மூட்டுகளுக்கும் ஒரே பெட்டியாக வாங்கி மாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்றும் இளைஞர் பலர் உறுதியாக நம்புகிறார்கள். வீதியில் ஓட்டப்படும் பழைய கார் ஒன்றுக்கு, அதிலும் நம் மலைவீதியில் ஓட்டப்படும் காருக்கு, இந்த அபிப்பிராயம் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. அதைக் காரணங்களோடு தங்கள் முன் வைப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கார்கள் இங்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது அவசியம். ஏனெனில் நம் கராஜ்களின் பழக்கங்கள் அந்த வரலாற்றிலிருந்தே பிறந்தன. எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி முதலிய பெயர்களைத் தாங்கிய சிறிய திறந்த கார்கள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாக்களின் முற்றங்களில் நின்றவை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னர் துரைமார் கப்பலேற, கார்கள் கைமாறி இங்கேயே தங்கின. இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு நிலவிய 1970 முதல் 1977 வரையான காலத்தில் சீமையிலிருந்து ஓர் உதிரிப்பாகம் பெறுவதென்பது பகற்கனவாயிருந்தபடியால், தேயிலை ஸ்டோரின் லேத்தில் உருளைகளின் பேரிங்கைக் கடைந்து பழகிய பிட்டர்மாரும் வீதியோரப் பட்டறைகளின் பாஸ்மாரும் பழைய டயரை வெட்டியும் நைலோன் கட்டையைக் கடைந்தும் புஷ் செய்து மாட்டி வண்டிகளை ஓடவைத்தார்கள். அவர்களுடைய கைத்திறனுக்கு நாம் என்றென்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும், வேறு வழியில்லாத நாளில் செய்யப்பட்ட யுக்தி வழி திறந்த பின்னும் தொடர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏதுமில்லை.

புஷ் என்பது என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் தெரிவின் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு தரமான இறப்பர் புஷ்ஷில் வெளியே ஓர் உருக்குக் குழாயும் உள்ளே ஒரு சிறிய உருக்குக் குழாயும் இருக்க, இரண்டுக்கும் இடையிலுள்ள இறப்பர் இரு குழாய்களோடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிரிக்கமுடியாதபடி ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. வெளிக்குழாய் ஆம் என்னும் கையின் துளைக்குள் இறுக அமர்கிறது. உட்குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. ஈரத்துணியைப் பிழியும்போது துணி முறுக்குண்டு மீண்டும் அவிழ்வதுபோல், இடையிலுள்ள இறப்பரே முறுக்குண்டு அவிழ்கிறது. ஆகையால் அதற்கு கிரீஸ் வேண்டியதில்லை, தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. இறப்பரின் சுபாவத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அது உருமாறுமேயன்றிக் கனவளவில் ஏறக்குறைய சுருங்காது. ஆதலால் இரு குழாய்களுக்கிடையே மெல்லிய படலமாகச் சிறைப்பட்டிருக்கும்போது பக்கவாட்டு அழுத்தத்துக்கு மிகவும் விறைப்பாக நிற்கும், முறுக்குதலுக்கோ மென்மையாக இணங்கும். ஒரே பொருள் ஒரு திசையில் கடினமாகவும் மறு திசையில் இளக்கமாகவும் இருக்கும் இந்தக் குணத்தை அறிந்தே வண்டியை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு மூட்டிலும் இறப்பரின் தடிப்பையும் நீளத்தையும் நிர்ணயித்தார்கள்.

பொலியூரிதேனின் சுபாவம் வேறு. ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் 1937இல் கண்டுபிடித்த இந்த இரசாயனக் குடும்பம் எத்தனையோ துறைகளில் மனிதருக்கு உபகாரம் செய்திருக்கிறது; எண்ணெய்க்கு அது அஞ்சாது, இழுவிசைக்கு எளிதில் கிழியாது. ஆனால் புஷ்ஷாக வரும்போது அது பெரும்பாலும் குழாயோடு ஒட்டப்படாமல், உட்குழாய் அதனுள் சுழலும்படியாகவே அமைக்கப்படுகிறது. சுழல்வதென்றால் வழுக்க வேண்டும், வழுக்குவதென்றால் கிரீஸ் வேண்டும், அந்த கிரீஸ் மழைநீரில் கழுவுண்டு போனால் கிறீச்சென்ற சத்தமும், அதன்பின் உட்குழாயில் துருவும், இறுதியில் இறுகிப்போதலும் வரிசையாக வந்து சேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை டிம்புள்ளைச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும் நம் பிரதேசத்தில் இது அற்ப விஷயமன்று. பொலியூரிதேனிலேயே பொலியெஸ்டர் வகை, பொலியீதர் வகை என இரண்டு உண்டு. முன்னையது நீராவியிலும் ஈரத்திலும் காலப்போக்கில் இரசாயனரீதியாகச் சிதையக்கூடியது, பின்னையது ஈரத்தைத் தாங்கவல்லது. வாங்குபவர் இதைக் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. தாங்கள் கேளுங்கள். பதில் கிடைக்காவிடில் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இறப்பர் புஷ்ஷின் கடினம் ஷோர் ஏ என்னும் அளவுகோலில் பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடைப்பட்டது. பொலியூரிதேன் புஷ்கள் 70 முதல் 95 வரை வருகின்றன. சிவப்பு மென்மை, கறுப்பு கடினம் என்று நினைப்பதற்குப் பொதுவான நியமம் எதுவும் இல்லை. நிறத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்கவேண்டியது எண்.

இனி நம் வீதிக்கு வருவோம். தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக நானுஓயாவுக்கும் அப்பால் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கும் ஏறும் ஏ 7 வீதியையும், அதிலிருந்து பிரியும் அக்கரப்பத்தனை வீதியையும், ஹோல்புறூக், மெராயா பக்கத்துத் தோட்டப் பாதைகளையும் அறிந்த எவரும், இங்கே ஒரு காரின் புஷ்கள் சமவெளியில் படாத பாடு படுகின்றன என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஏற்றத்தில் ஒரு வகைப் பாரம், இறக்கத்தில் வேறொரு வகைப் பாரம். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் திடமான அச்சும் கொண்ட எம்.ஜி.பி. போன்ற காரில், சக்கரங்கள் வீதியைத் தள்ளுவதால் எழும் உந்துவிசை முழுவதும் இரண்டு ஸ்பிரிங்குகளின் முன்நுனி வளையங்களான முன்கண்களில் உள்ள இரண்டே இரண்டு புஷ்களின் வழியாகத்தான் வண்டியின் உடலுக்கு வந்து சேர்கிறது. ரதல்ல ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது காரை மேலே தூக்கிச் செல்பவை அந்த இரண்டு இறப்பர் உருளைகளே என்றால் அது மிகையன்று. இறக்கத்திலோ பாரமெல்லாம் முன்சக்கரங்களின்மேல் சாய, பிரேக்கின் இழுப்பு முன்பக்கக் கீழ் ஆம்களைப் பின்னோக்கி இழுத்து அங்குள்ள புஷ்களைப் பிசைகிறது. வளைவுக்கு வளைவு பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒருங்கே பிரயோகிக்கப்படுகையில் அவை தளர்ந்திருந்தால் வண்டி சொன்ன சொல் கேளாது. இவற்றோடு கல் பதித்த தோட்டப் பாதைகளின் ஓயாத அடியும் சேர்கிறது. அந்த அடியை இறப்பர் விழுங்கிக்கொள்ளும், கடின புஷ்ஷோ அதை அப்படியே சேசிஸின் உலோகத்துக்குக் கைமாற்றிவிடும்.

ஆதலால் என் யோசனை இதுதான்: ஒரு காருக்கு எந்தப் புஷ் என்று கேட்பதை விட்டு, இந்த மூட்டுக்கு எந்தப் புஷ் என்று கேட்கப் பழகுவோம். எம்.ஜி.பி.யையே உதாரணமாக எடுத்துச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம். 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கு மேல் கட்டப்பட்ட காராதலால் அதன் உதிரிப்பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, அதில் கற்ற பாடம் மற்றக் கார்களுக்கும் உதவும்.

அந்தக் காரின் முன்பக்கக் கீழ் ஆம்களின் உள்மூட்டுகளில் தொழிற்சாலை பொருத்தியவை, இரு பாதிகளாக எதிரெதிரே செருகப்படும் சாதாரண இறப்பர் புஷ்கள். உலோக உறை இல்லாதவை, விலை மலிவானவை, விரைவில் நசுங்கிப் பிதுங்குபவை. 1973 முதல் 1976 வரை அதே நிறுவனம் ரோவரின் மூன்றரை லீற்றர் எஞ்சினைப் பொருத்தி விற்ற எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்ற வகைக்கு மாத்திரம், உருக்குக் குழாய்களோடு ஒட்டிய ஒரே துண்டு இறப்பர் புஷ் வழங்கப்பட்டது. அந்த வி8 புஷ் சாதாரண எம்.ஜி.பி.யின் ஆமிலும் எந்த மாற்றமும் இன்றி அமரும். ஒரு காருக்கு நான்கு போதும். பழைய இறப்பரின் அமைதியும், பக்கவாட்டில் அதற்கில்லாத உறுதியும் ஒருங்கே கிடைக்கும் இந்தத் தீர்வு, வடிவமைத்தவர்களே கண்டு கொடுத்த தீர்வாக இருக்க, அதைத் தாண்டிப் பொலியூரிதேனைத் தேடிப் போவதற்கு வீதியில் ஓடும் காருக்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை. பின்பக்க ஸ்பிரிங்கின் முன்கண்ணில் வரும் இரண்டு ஒட்டு இறப்பர் புஷ்களும் அவ்வாறே அசல் தரத்தில் இருக்கட்டும். ஸ்பிரிங்கின் பின்கண்ணிலும் அதைத் தாங்கும் ஷெக்கிளிலும் பக்கத்துக்கு நான்காக வரும் பிளவு புஷ்கள் எளிதில் மாற்றக்கூடியவை, மலிவானவை. அவற்றையும் இறப்பரிலேயே வாங்கி, முன்கண்ணைத் தொடும்போதெல்லாம் மாற்றிவிடுவது சிக்கனம். அன்டி-ரோல் பார் என்னும் குறுக்குக் கம்பியைப் பிடிக்கும் புஷ் ஒன்றுக்கு மாத்திரம் பொலியூரிதேனைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். அங்கே கம்பி தாமதமின்றித் தன் வேலையைத் தொடங்குவது வளைவுகளில் பிரத்தியட்சமாகத் தெரியும், வருடத்துக்கொரு முறை கழற்றி கிரீஸ் பூசுவதும் அரைமணி நேர வேலைதான்.

பின்புற விஷயத்தில் நான் இறப்பரை இத்தனை வற்புறுத்துவதற்கு மற்றொரு காரணம் துரு. ஈரம் உலராத நம் காற்றில் அரை நூற்றாண்டு நின்ற காரின் ஸ்பிரிங் முன்கண்ணைத் தாங்கும் உலோகப் பெட்டியும் அதைச் சுற்றியுள்ள தரைத்தகடும் துருப்பிடிப்பதற்குப் பேர்போன இடங்கள். அங்கே கடின புஷ்ஷை வைத்தால் இறப்பர் விழுங்கவேண்டிய ஒவ்வோர் அதிர்ச்சியும் அந்தத் தகட்டின் ஒட்டுகளைத் தேடிப்போய்த் தாக்கும். புஷ் வாங்குவதற்கு முன் சுத்தியலின் முனையால் அந்த இடத்தைத் தட்டிப்பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ தகடு உள்வாங்கினாலோ புஷ் காத்திருக்கட்டும். முதலில் வெல்டிங் பாஸிடம் போங்கள்.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் சிறிது சொல்ல உண்டு. அந்தக் காரின் பின்சக்கரங்கள் குறுக்காகக் கிடக்கும் ஸ்பிரிங்கில் தொங்கி, ஏறி இறங்கும்போது சாய்வும் மாறுவதால், அவற்றை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆமின் புஷ்கள் சுழல்வதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் முறுக்குண்ண வேண்டியிருக்கிறது. அவ்விடத்தில் இளக்கமில்லாத பொருளை வைத்தால் மூட்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இயல்பாக அசையவேண்டிய சக்கரம் தடைப்பட்டு, அந்தத் தடை ஆமைத் தாங்கும் தரைத்தகட்டைக் கிழிக்கும். முன்பக்கத்து விஷ்போன் ஆம்களில் மாத்திரம் நிதானமான கடினமுள்ள புஷ்ஷை அனுமதிக்கலாம்.

1980களுக்குப் பின் வந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களும் இப்போது பழையவை ஆகிவிட்டன. அவற்றின் சில புஷ்களில் இறப்பருக்குள் வேண்டுமென்றே வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஒரு திசையில் மாத்திரம் இளக வேண்டும் என்பதற்காக. அந்த வெற்றிடம் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று பழைய புஷ்ஷைக் கழற்றுமுன் ஆமில் கோடு கிழித்துக்கொள்ளாத பாஸ், புதியதைச் சரியாகப் பொருத்த இயலாது.

போட்டிக்கென்றே ஒதுக்கிய காரின் நியாயம் வேறு. ஓட்டுபவரின் முதுகும் காதும் அங்கே இரண்டாம் பட்சம். ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் கழற்றிப் பார்க்கப்படும் வண்டியில் கடினப் பொலியூரிதேனுக்கும் கடைந்த நைலோனுக்கும் உருண்டை பேரிங்குக்கும்கூட இடமுண்டு. ஆனால் ஞாயிறன்று மகாகஸ்தோட்டையில் ஏறிவிட்டுத் திங்களன்று அதே காரில் ஹட்டனுக்குப் பிரயாணம் செய்பவர், போட்டிக்காரர் பெட்டியைப் பார்த்து ஆசைப்படுவது தகாது.

இனி வாங்கும் இடம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பது நம்மவர் நம்பிக்கை. அது பெரும்பாலும் மெய்யும்கூட. ஆயினும் இறப்பரைப் பொறுத்தவரை பழைய கையிருப்பு என்ற சொல்லைக் கேட்டு மகிழ வேண்டாம். உருக்குப் பாகம் முப்பது வருஷம் தட்டில் கிடந்தாலும் உருக்குத்தான்; இறப்பரோ உறையைப் பிரிக்காமலே மூப்படையும். இறப்பர்ப் பொருள்களைச் சேமிப்பதற்கான சர்வதேச நியமம் இயற்கை இறப்பருக்கு விதிக்கும் முதற் கெடு ஐந்து ஆண்டுகள் மாத்திரமே. உறையில் உற்பத்தி ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். விரல்நகத்தால் அழுத்தி, மேற்பரப்பை வளைத்து, மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். இறப்பரும் குழாயும் சேரும் விளிம்பில் கோடுபோன்ற இடைவெளி தெரிந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். விட்டத்தை வேர்னியர் இடுக்கியால் அளந்து பழையதன் வெளிக்குழாயோடு ஒப்பிடுங்கள்; கையால் தள்ளினாலே உள்ளே போகும் புஷ் எவ்வளவு நல்ல இறப்பராயினும் பயன்படாது.

பழைய புஷ் மாற்றவேண்டிய நிலையில்தான் இருக்கிறதா என்பதையும் அவசரமின்றி நிர்ணயிக்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது முன்பக்கம் டக்கென்று ஓர் ஒலி, டயரின் உள்விளிம்பு மாத்திரம் தேய்தல், நேர்வீதியில் வண்டி தானே அலைதல், ஏற்றத்தில் கிளட்ச்சை விடும்போது பின்புறம் ஒரு தட்டல் ஆகியவை அறிகுறிகள். வண்டியைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, ஆமுக்கும் சேசிஸுக்கும் இடையில் சிறு அலவாங்கைச் செருகி மெதுவாக நெம்பினால், இறப்பர் இளகித் திரும்ப வருகிறதா, அல்லது குழாயை விட்டுப் பிரிந்து வாய் திறக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். மேற்பரப்பில் காணும் சிறு வெடிப்பு மூப்பின் அடையாளம் மாத்திரமே. ஒட்டு விட்டிருந்தால்தான் கட்டாயம் மாற்ற வேண்டும்.

மாற்றும் முறையைப் பற்றி எழுதாவிட்டால் இம்மடல் பயனற்றுப் போகும். ஏனெனில் உயர்ந்த புஷ்ஷைக்கூட ஒரு மாலைப்பொழுதில் கெடுத்துவிட முடியும். பழைய புஷ்ஷை நெருப்பிட்டு எரித்து எடுக்கும் வழக்கம் நஞ்சுப் புகையைத் தருவதோடு ஆமின் உலோகத்தையும் பதம் கெடுக்கிறது. சுத்தியலால் அடித்துச் செருகினால் வெளிக்குழாய் ஓவலாகி ஒட்டு விடும். பிரஸ் இல்லாத கராஜில் நீண்ட போல்ட் ஒன்றும், தடித்த வாஷர்களும், பொருத்தமான அளவுள்ள இரண்டு சொக்கெட்டுகளும் இருந்தால் பெரிய வைஸில் வைத்து நேராக இழுத்தே அமர்த்திவிடலாம். உறையில்லாத இறப்பர் புஷ் எளிதில் செல்லவேண்டுமென்று கிரீஸோ எஞ்சின் ஒயிலோ பூசாதீர்கள், இயற்கை இறப்பர் கனிய எண்ணெயில் ஊறிப் பெருத்து உளுத்துப்போகும். சோப்பு நீர் போதும். அதே காரணத்தால், எஞ்சினிலிருந்து ஆமின்மேல் ஒயில் சொட்டும் காரில் அந்தக் கசிவை நிறுத்தாமல் புதிய புஷ் போடுவது பணவிரயம். துருவுக்கு மருந்தென்று வண்டியின் அடிப்பாகம் முழுவதும் கழிவு ஒயிலை விசிறும் வழக்கமுடையவர்கள், புஷ்கள் உள்ள இடங்களையாவது மறைத்துவிட்டுச் செய்யுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாவற்றிலும் பிரதானமான ஒன்றை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஒட்டு இறப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுதியாக இறுக்குவது, காரை ஜாக்கியிலிருந்து இறக்கி, நான்கு சக்கரமும் நிலத்தில் ஊன்றி, இருக்கைகளில் ஆள் உட்கார்ந்த பாரத்தோடு ஸ்பிரிங் தன் இயல்பான மட்டத்துக்கு வந்த பிறகே. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் இறுக்கிவிட்டால் அந்தத் தொங்கல் நிலையே இறப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டி நிலத்தைத் தொட்ட கணத்திலிருந்து அது முறுக்குண்டபடியே வாழ்ந்து, ஒவ்வொரு குழியிலும் எல்லை மீறி முறுக்குண்டு, அற்பாயுளில் கிழிந்துபோகும். வண்டியின் உயரமும் சற்றே தப்பாக நிற்கும். இறப்பர் புஷ் நிலைப்பதில்லை, ஆறு மாதத்தில் போய்விடுகிறது என்று கூறி நம்மவர் பொலியூரிதேனை நாடியதற்குப் பெரிய காரணம் இந்தக் கடைசித் திருப்பை வண்டி தொங்கும்போது செய்ததே என்பது பல கராஜ்களைக் கவனித்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதி. பொருளின்மேல் சுமத்தப்பட்ட பழி முறையின்மேல் சுமத்தப்பட்டிருக்க வேண்டியது.

வேலை முடிந்ததும் சக்கரங்களின் அலைன்மென்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிது தூரம் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் பரிசோதியுங்கள். புதிதாகப் பொருத்திய காரை முதன்முதலாகப் பரீட்சிப்பதற்கு ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி அந்தச் சரிவில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு உயிர்கள் பறிபோனதை இப்பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. மட்டமான இடமுள்ள தோட்ட மைதானத்தைச் சுற்றியோ, ஆளரவமற்ற நேர்வீதியிலோ முதலில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதித்துவிட்டு மலையில் இறங்குங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடவில் நடப்பட்ட நாள்முதல் இந்நாடு இறப்பரை வளர்த்துவருகிறது. அகலவத்தையில் இறப்பருக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. பாரமேற்றும் யந்திரங்களுக்கான திட டயர்களை உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் நம் நாடும் ஒன்று. உருக்குச் சில்லோடு இறப்பரைப் பிரியாதபடி ஒட்டவைக்கும் வித்தையை அறிந்த தொழிற்சாலைகள் இருக்கும் நாட்டில், உள்ளங்கையளவு புஷ்ஷுக்காகச் சீமையிலிருந்து பார்சல் வரும்வரை ஒவ்வொருவரும் தனித்தனியே காத்திருக்கிறோம். ஒருவர் போய்க் கேட்டால் நான்கு புஷ்ஷுக்காக எந்தத் தொழிற்சாலையும் அச்சுச் செய்யாது. இப்பகுதியின் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, எந்தக் காருக்கு எந்த மூட்டில் எத்தனை வேண்டுமென்று ஒரே பட்டியலாக எழுதி, அசல் புஷ் ஒன்றின் வெளிவிட்டம், உள்விட்டம், நீளம், ஷோர் கடினம் ஆகியவற்றை முறையாக அளந்து, அந்த மாதிரியோடு ஒரு தொழிற்சாலையை அணுகினால் அச்சின் செலவு பலர்மேல் பகிர்ந்து இலகுவாகும். தமது காரின் அளவுகளைக் குறித்துத் தரத் தயாராயுள்ள அன்பர்களும், பழைய புஷ்களை எறிந்துவிடாமல் எடுத்துவைத்திருக்கும் பாஸ்மாரும் வருகிற ஏப்ரலுக்கு முன்னதாக லிந்துலையில் ஒரு நாள் கூடுமாறு அன்போடு அழைக்கிறேன். கழற்றிய பழைய புஷ்ஷையும் ஒரு வேர்னியர் இடுக்கியையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
லிந்துலை வாசி ஒருவன்